கான்ஜி: படிமவழி நினைவிற்கொள்ளல்

சீனத்திலிருந்து பெற்று ஜப்பானியர் வழங்கிவரும் எழுத்துகள் கான்ஜி. ஓர் எழுத்தைக் கோடுகளாக உருப்போடாமல் உறுப்புகளாகப் பிரித்து, உறுப்புக்கு ஒரு படிமம் தந்து, அவற்றை ஒரே காட்சியாகக் கோத்து மனத்தில் இருத்துவதே படிமவழி நினைவிற்கொள்ளும் முறை.

இதன் வேர் எழுத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. சீனத்தில் சாங் அரசர் காலத்தில் குறி கேட்பதற்காக ஆமையோடுகளிலும் எருதின் தோள் எலும்புகளிலும் எழுத்துகளைக் கீறினர். 1899இல் இவை அறிஞர் கண்ணில் பட்டன. அவற்றில் மலைக்கு மூன்று முகடுகள். மரத்துக்கு மேலே கிளை, கீழே வேர். ஞாயிறு நடுவே புள்ளி வைத்த வட்டம். பின்னாளில் அதுவே கட்டமாயிற்று.

கி.பி. 100 அளவில் சீன அறிஞர் சூ ஷென் தொகுத்த 'ஷுவோவென் ஜியேசி' என்னும் அகராதி 9,353 எழுத்துகளை 540 தலைப்புறுப்புகளின்கீழ் அடுக்கியது. அதன் ஆறு வகைப் பாகுபாட்டை ஜப்பானியர் 'ரிகுஷோ' என்பர். அவற்றுள் நான்கு எழுத்தின் ஆக்கத்தைப் பற்றியவை. உருவத்தை வரைவது ஷோகெய், மரம் இவ்வகை. குறியிட்டுச் சுட்டுவது ஷிஜி: மரத்தின் அடியில் ஒரு கோடிட்டால் 'மூலம்', உச்சியில் இட்டால் 'நுனி'. ஞாயிற்றோடு அந்த மூலம் சேர்ந்ததே 'நிஹோன்' என்னும் நாட்டுப்பெயர். உருவங்கள் கூடிப் பொருள் தருவது கைஇ: இரு மரம் தோப்பு, மூன்று மரம் காடு, மரத்தருகே மனிதன் ஓய்வு. இந்த ஓய்வை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. பொருளுறுப்பும் ஒலியுறுப்பும் இணைவது கெய்செய். பெரும்பாலான எழுத்துகள் இவ்வகையே.

கெய்செய் எழுத்துகளுக்குப் பயில்வோரே கதை புனைகின்றனர். 'பெற்றோர்' என்னும் எழுத்தில் நிற்றல், மரம், பார்த்தல் ஆகிய வடிவங்கள் தெரிகின்றன. மரத்தின்மேல் நின்று பிள்ளையின் வரவைப் பார்க்கும் தாய் தந்தை என்று ஜப்பானியரே இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. வரலாற்றில் இடப்பக்கம் ஒலிக்காகச் சேர்ந்தது. கதை பிழையானாலும் எழுத்து மனத்தில் நிற்கிறது. நினைவுக்கு அது போதும்.

1977இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹைசிக் இம்முறையை நூலாக்கினார். பொருளும் எழுதும் முறையும் முதலில், ஒலிப்பு பிறகு என்பது அவர் வரிசை. ஒலிப்பைப் பிரிப்பதைச் சிலர் குறை கூறுவர். ஆனால் மரம் ஒன்றுக்கே கி, மொகு, பொகு எனப் பல ஒலிப்புகள் இருக்க, இவ்வரிசையே பயில்வோரின் சுமையைக் குறைக்கிறது.

ஜப்பானில் 2010இல் திருத்திய பொதுவழக்குக் கான்ஜிப் பட்டியலில் 2,136 எழுத்துகள் உள்ளன. இன்று கைப்பேசிச் செயலிகளிலும் இம்முறை பயிலப்படுகிறது.