சவரக்கத்தியும் சாணைக்கல்லும் - கொஞ்சம் வரலாறு

ரொம்ப நாளாக எழுதணும்னு நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பதிவு. அரண்மனை, கோட்டை, குடைவரை என்று புதுக்கோட்டை வரலாற்றை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். சவரக்கத்தியைப் பற்றி எழுதத்தான் ஆளைக் காணோம். தினமும் காலையில் கண்ணாடி முன்னாடி நிற்கிற நமக்கு, முகத்தில் ஓடுகிற அந்தக் கூருக்கும் ஒரு வரலாறு இருக்கும்னு தோன்றுவதே இல்லை. இருக்கிறது. கொஞ்சம் சங்கடமான வரலாறு.

சித்தன்னவாசலில் இருந்து ஆரம்பிப்போம். எல்லோரும் ஓவியம் பார்த்துவிட்டுத் திரும்பி விடுவார்கள். மலையின் அந்தப் பக்கம் ஏழடிப்பட்டம் குகை இருக்கிறது. சமண முனிவர்களுக்காக வெட்டிய 17 கல்படுக்கைகள். அதில் ஒன்றில் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய தமிழிக் கல்வெட்டு. சமண முனிவர்கள் சவரம் செய்துகொள்ள மாட்டார்கள், தெரியுமில்லையா? தலைமுடியையும் தாடியையும் கையாலேயே பிடுங்கி எடுப்பார்கள். வலியைப் பொறுப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், கத்தி என்று ஒரு பொருளை வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்காக இன்னொருவர் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்பது. சவரம் என்றாலே இன்னொருத்தர் கைக்குக் கழுத்தைக் கொடுப்பது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது :-)

துறவிகளுக்குச் சரி. மற்ற ஜனங்களுக்கு அந்த இன்னொருத்தர் கை வேண்டியிருந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரைத்தான் ஊருக்கு ஊர் நாவிதர், பண்டிதர், மருத்துவர் என்று பல பெயரில் சொன்னார்கள். அவர் கக்கத்தில் ஒரு பை இருக்கும். அடைப்பம் என்று பெயர். அதற்குள் கத்தி, கத்தரி, நகம் எடுக்கிற சின்ன உளி, கிண்ணி, கைக்கண்ணாடி, படிகாரம், ஒரு தோல்வார், எண்ணெய் ஏறி வழவழவென்று இருக்கும் ஒரு கல். மற்றதெல்லாம் கடையில் வாங்கலாம். அந்தக் கல்லிலும் வாரிலும் கத்தி போகிற விதத்தை மட்டும் கையால்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆலங்குடிப் பக்கத்தில் சின்ன வயசில் நான் வேடிக்கை பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. தெருவில் "சாணை பிடிக்கலையோ சாணை" என்று சக்கரத்தோடு ஒருவர் வருவார். அரிவாள்மனை, கத்தரி எல்லாம் அவரிடம் போகும். சவரக்கத்தி மட்டும் போகாது. உலர்ந்த சக்கரத்தில் பொறி பறந்தால் அந்த மெல்லிய விளிம்பு சூடேறி, இரும்பின் பதம் போய்விடும். அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அதனால் அந்தப் பெரியவர் தன் கத்தியைத் தானே கல்லில் தீட்டுவார்.

தீட்டுகிற முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சுகமான சவரத்தின் ரகசியமே இதில்தான் இருக்கிறது. பழைய மடக்குக் கத்தியின் முதுகு தடிமனாக இருக்கும். நடுவில் இரண்டு பக்கமும் குழிவாகத் தேய்த்திருப்பார்கள். கல்லில் படுக்கப் போட்டால் முதுகும் முனையும் மட்டும்தான் கல்லைத் தொடும். அதாவது என்ன கோணத்தில் தீட்டணும் என்பதைக் கத்தியின் முதுகே தீர்மானித்துவிடும். கை அதைத் தூக்காமல் இருந்தால் போதும். கல்லில் முனை முன்னால் போகிற மாதிரி தள்ளணும். கடைசியில் முதுகின் மேல் புரட்டி, மறுபக்கம் இழுத்துக்கொண்டு வரணும். அழுத்தவே கூடாது. அழுத்தினால் முனை வளைந்து பிசிறு ஏறும்.

தோல்வாருக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். முதுகு முன்னால், முனை பின்னால். மாற்றிச் செய்தால் வார் அறுந்துவிடும், முனையும் மழுங்கிவிடும். கல் கூராக்குகிறது, வார் மெருகேற்றுகிறது. இந்த மெருகு அழகுக்கு இல்லீங்க. கல் விட்டுச் சென்ற கோடுகள் முனையில் வந்து முடிகிற இடமெல்லாம் குட்டிக்குட்டிப் பற்களாக நிற்கும். அந்தப் பற்கள்தான் முடியைப் பிடித்து இழுக்கும், தோலைச் சுரண்டும். கோடு மெலிய மெலிய எரிச்சல் குறையும். வார் இல்லாத சமயத்தில் பெரியவர் உள்ளங்கையிலேயே நாலு இழுப்பு இழுப்பார். அதுவும் தோல்தானே! பார்க்கிற நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

இவ்வளவு தீட்டிய இரும்பு, கேவலம் முடியை வெட்டியா மழுங்குகிறது என்று யாருக்கும் சந்தேகம் வரும். முடியைவிட அந்த எஃகு ஐம்பது மடங்கு கடினம். 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள்: முனை தேய்ந்து மட்டும் மழுங்குவதில்லை. முடி சாய்ந்து வளைந்து கொடுக்கும்போது, எஃகின் அமைப்பு சீராக இல்லாத இடங்களில் முனை பொடிப்பொடியாக உடைகிறது. "தாடியை நல்லா ஊற வை, அப்பத்தான் கத்தி பேசும்" என்று பெரியவர் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் ஊறிய முடி மிருதுவாகிவிடும். கத்திக்கும் நல்லது, கன்னத்துக்கும் நல்லது.

சரி, அந்த எஃகு எங்கிருந்து வந்தது? இருபதாம் நூற்றாண்டின் நல்ல சவரக்கத்திகளில் நிறைய இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் ஸோலிங்கனிலும் செய்தவை. ஆனால் அதற்கு முந்தைய கதை தலைகீழ். நம் பக்கத்தில் கொங்கு நாட்டிலும் சேலம், தென்னார்க்காடு வட்டாரங்களிலும் மூசையில் உருக்கிய எஃகைத்தான் வெள்ளைக்காரர்கள் ஊட்ஸ் என்றார்கள். நம் "உருக்கு", கன்னடத்து "உக்கு" இவற்றிலிருந்து வந்த பெயர் என்று சொல்கிறார்கள். 1790களில் இந்த எஃகுக் கட்டிகள் லண்டன் போய்ச் சேர்ந்தன. 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்கடைக்காரர், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய ஊட்ஸே தனக்கு உசத்தி என்று கடை அட்டையிலேயே விளம்பரம் போட்டார். அவர் செய்தது அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும். மின்சாரத்துக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடே அவரோடு சேர்ந்து இந்த எஃகை ஆராய்ந்து 1820, 1822இல் கட்டுரைகள் வெளியிட்டார். 1830களில் ஜோசையா ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். நம் ஊர் இரும்பு ஷெஃபீல்டுக்கும் போனது. பிற்பாடு சீமைக்கத்தியாக நமக்கே திரும்பி வந்தது. வழக்கமான கதைதான்.

இப்போது கத்தி பிடித்த கைக்கு வருவோம். புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனி சமஸ்தானம். கோயிலுக்கு, அரண்மனைக்கு, ஊருக்கு ஊழியம் செய்கிறவர்களுக்கு இனாம் நிலம் கொடுத்து நடத்திய ராஜ்யம். சேஷையா சாஸ்திரி திவானாக இருந்தபோது 1888இல் அந்த இனாம்களையெல்லாம் கணக்கெடுத்துத் திருத்தி அமைத்தார்கள். மானுடவியலாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இல் இந்த ராஜ்யத்தைப் பற்றி ஒரு தடிமனான புத்தகமே எழுதியிருக்கிறார். மானியம் என்பது வெறும் சம்பளம் இல்லை, யார் எந்தப் படியில் நிற்கணும் என்பதையும் சேர்த்தே அது சொன்னது என்று அவர் விளக்குவார். சமஸ்தானம் அம்மன் காசு என்று சொந்தமாகக் காசு அடித்தது. ஆனால் கிராமத்துச் சவரத்துக்கு அந்தக் காசு அதிகம் கைமாறவில்லை. அறுவடைக் களத்தில் அளந்து போடுகிற நெல்தான் கூலி. வருஷம் முழுக்க ஊருக்கே வேலை. நல்லது கெட்டது இரண்டுக்கும் வந்தாகணும். சாவு வீட்டுச் சடங்குக்கு முதலில் ஓடணும். முடியாது என்று சொல்ல வாய்ப்பில்லை.

அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இந்தச் சமூகத்தின் பெயர்களைப் பாருங்கள்: மருத்துவர், நாவிதர், மங்கலா, பிராணோபகாரி... பிராணோபகாரி என்றால் உயிருக்கு உதவுகிறவர். கட்டி அறுப்பது, புண்ணுக்கு மருந்து வைப்பது அவர் வேலை. பிரசவம் பார்ப்பது அந்த வீட்டுப் பெண்கள். நம் புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னையில் டாக்டர் பட்டம் வாங்குவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னாலிருந்து கிராமத்துப் பிரசவங்களை மருத்துவச்சிதான் பார்த்தாள். லண்டனிலும் இதே கதைதான், நாவிதர்களும் அறுவை வைத்தியர்களும் 1540இல் ஒரே சங்கம். 1745இல் பிரிந்தார்கள். பிரிந்து போன அறுவை வைத்தியர் சங்கம் 1800இல் ராயல் கல்லூரி ஆனது. இங்கே பெயர் மட்டும் மருத்துவர் என்று தங்கிவிட்டது. மரியாதை தங்கவில்லை. அறுபது வயசுப் பெரியவரை ஊர்ச் சின்னப் பயல்கூட பெயர் சொல்லி, "வாடா போடா" என்றுதான் கூப்பிட்டான். கழுத்தில் அவர் கத்தி ஓடும்போதும்தான்! "சிரைக்கப் போ" என்பதை இன்றைக்கும் வசவாகத்தானே வைத்திருக்கிறோம்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான். அந்தக் கத்தி எல்லோருக்கும் ஓடவில்லை. தலித்துகளுக்குச் சவரம் செய்யக் கூடாது என்று ஊர் கட்டுப்பாடு வைத்தது. மீறினால் நெல் நிற்கும். தீண்டாமையைக் காட்டி சேவை மறுப்பது குற்றம் என்று 1955இல் சட்டமே வந்தது. ஆனாலும் முடிதிருத்த மறுக்கிறார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இந்த நூற்றாண்டிலும் வந்துகொண்டுதான் இருந்தது. கட்டுப்பட்டவரை வைத்தே இன்னொருவரை ஒதுக்கி வைக்கிற சாமர்த்தியம் நம்ம ஊருக்கு இருந்தது.

இந்தக் கட்டை அசைத்ததில் ஒரு தகரத் துண்டுக்கும் பங்கு உண்டு. 1903இல் அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் தூக்கிப்போடுகிற பிளேடை விற்க ஆரம்பித்தார். முதல் வருஷம் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும்தானாம். முதல் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கெல்லாம் ரேசர் கொடுத்ததும் உலகமே மாறிவிட்டது. நம்ம ஊரிலும் பிளேடு வந்து, ஆண்கள் தாங்களே வீட்டில் முகம் வழித்துக்கொள்ளப் பழகினார்கள். சித்தன்னவாசல் முனிவர்கள் வேண்டாம் என்று சொன்ன இன்னொருத்தர் கை, ஊர்க்காரர்களுக்கும் தேவையில்லாமல் போனது, வேறு வழியில்! நாவிதர் வீட்டுப் பிள்ளைகள் டவுனுக்குப் போய் சலூன் வைத்தார்கள். நெல்லுக்குப் பதில் காசு. வீடு தேடிப் போகிற வேலை போய், நாற்காலி தேடி ஆள் வருகிற வேலை.

சலூனிலும் தீட்டுகிற கத்தி கொஞ்ச காலம் இருந்தது. 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அதன் காலமும் முடிந்தது. ஒரே கத்தி பல கழுத்தில் ஓடினால் ரத்தத்தோடு நோயும் ஓடலாம் என்ற பயம் நியாயமானது. இப்போது பாதி பிளேடை உடைத்து மாட்டுகிற கத்திதான். ஆளுக்கு ஒரு பிளேடு, வேலை முடிந்ததும் குப்பை. கல்லும் வாரும் அடைப்பத்தோடு பரணுக்குப் போய்விட்டன. ஸோலிங்கன் கத்தியையும் தோல்வாரையும் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கி, தீட்டக் கற்றுக்கொள்கிற பொழுதுபோக்கு ஆசாமிகள் இப்போது ஊருக்கு ஒருத்தராவது இருக்கிறார்கள். நல்லதுதான். அவர்கள் பெருமையாகச் சொல்கிற பாடம் எல்லாம் அந்தக் கிராமத்துப் பெரியவருக்கு விரலிலேயே இருந்தது.

அந்தக் கலை போய்விட்டதே என்று நான் முழுசாக வருத்தப்பட மாட்டேன். அது போனதோடு களத்து நெல்லுக்குக் காத்து நிற்பதும் போனது, "வாடா போடா"வும் பெருமளவு போனது. வருத்தம் வேறு இடத்தில். அத்தனை நுணுக்கமான வேலை தெரிந்த ஒருவரிடம், அது எப்படி என்று மரியாதையாக உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்க இந்த ஊருக்குத் தோன்றவே இல்லை. கீரனூர், அறந்தாங்கி, திருமயம் பக்கத்து நண்பர்கள் யாராவது இருந்தால், உங்கள் ஊரில் அந்தக் கல்லுக்கும் வாருக்கும் என்ன பெயர் சொன்னார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடமும், முக்கியமாக அந்தத் தொழில் செய்த பெரியவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். கேட்கும்போது "ஐயா" என்று ஆரம்பியுங்கள்.