நூலைப் பின்னக் கற்பித்த நூல்கள்

தமிழில் 'நூல்' என்னும் ஒரு சொல் இரு பொருள்களைச் சுட்டும். பஞ்சிலிருந்து திரிக்கும் இழையும் நூல்; புலவர் இயற்றும் ஏடும் நூல். இவ்விரண்டிற்கும் உள்ள உறவை நன்னூலின் பாயிரம் அழகிய உவமையாக விரித்துக் காட்டுகிறது. சொல்லே பஞ்சு, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே அவள் கை, அவன் அறிவே கதிர் என்பது அவ்வுவமையின் கருத்து.

ஏடு எழுதுவதை இழை நூற்பதற்கு ஒப்பிட்டனர் நம் முன்னோர். இதனைத் திருப்பிக் கேட்டால் ஒரு வினா எழுகிறது. இழை கொண்டு செய்யும் கைத்தொழிலை ஏட்டைக் கொண்டு கற்க இயலுமா? 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்னும் பழமொழி, இயலாது என்றே அடித்துக் கூறும். ஆயினும், ஐரோப்பியரின் கம்பளிப் பின்னற்கலை கடந்து வந்த வழியைப் பார்த்தால், விடை அவ்வளவு எளிதன்று என்பது புலனாகும்.

கண்ணியின் இயல்பு

நெசவு வேறு, பின்னல் வேறு. நெசவில் பாவு ஒரு திசையிலும் ஊடை மற்றொரு திசையிலும் ஓடும். அதற்குத் தறி வேண்டும். பின்னலுக்கு இரண்டு ஊசிகளும் ஒரே இழையும் போதும். இழையைக் கண்ணி கண்ணியாக ஓர் ஊசியில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியின் ஊடாகவும் புதிய கண்ணி ஒன்றை மற்றோர் ஊசியால் இழுத்து எடுப்பதே பின்னல். கண்ணியை முன்புறமாக இழுப்பது நேர்க்கண்ணி. பின்புறமாக இழுப்பது மாறுகண்ணி. எத்துணை அரிய வேலைப்பாடாயினும் பெரும்பாலும் இவ்விரண்டின் சேர்க்கையே.

நம்மவர் நாள்தோறும் அணியும் பனியனும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. திருப்பூரின் பெயரை உலகறியச் செய்த பின்னலாடை, கையால் பின்னாமல் பொறியால் பின்னியது என்பதே வேறுபாடு. பனியன் துணியைச் சற்று இழுத்துப் பிடித்து உற்று நோக்கினால், வெளிப்புறத்தில் முனை கீழ்நோக்கிய சிறு கோணங்களும் உட்புறத்தில் பிறை போன்ற வளைவுகளும் தெரியும். முன்னது நேர்க்கண்ணியின் முகம். பின்னது மாறுகண்ணியின் முகம். உண்மையில் இரண்டும் ஒரே கண்ணியின் இருபுறங்களேயாம்.

கண்ணிகளால் ஆன துணி உடலுக்கேற்ப நீண்டு சுருங்கும். ஆகவேதான் காலுறைக்கும் தொப்பிக்கும் கையுறைக்கும் அது ஏற்றதாயிற்று. அதன் குறையும் அக்கண்ணியிலேயே உள்ளது. ஒரு கண்ணி நழுவினால், அதன் கீழ் உள்ளவை ஏணிப்படி போல வரிசையாக அவிழ்ந்துகொண்டே போகும். புதிதாகக் கற்பவரை அச்சுறுத்துவது இதுவே.

அருகிருந்து கற்ற காலம்

எகிப்தில் கிடைத்த பழைய பருத்திக் காலுறைகள், இக்கலை இடைக்காலத்திலேயே நன்கு வளர்ந்திருந்ததைக் காட்டுகின்றன. 1275ஆம் ஆண்டில் இறந்த ஸ்பெயின் நாட்டு இளவரசர் பெர்னாண்டோவின் கல்லறையில் பட்டு நூலால் பின்னிய திண்டுறை கிடைத்தது. அதில் ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 20 கண்ணிகள் உள்ளன. ஜெர்மனியில் 1400ஆம் ஆண்டையொட்டித் தீட்டப்பெற்ற பலிபீட ஓவியம் ஒன்றில், கன்னி மரியாள் நான்கு ஊசிகளால் ஒரு சட்டையின் கழுத்தைப் பின்னுவதைக் காணலாம். கல்லறையில் பொருள் உண்டு. ஓவியத்தில் காட்சி உண்டு. ஆனால் எப்படிப் பின்னுவது என்று சொல்லும் ஏடு அந்நாளிலிருந்து ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை. தாய் மகளுக்கும், தொழிலாளி பயிலாளுக்கும் கைப்படக் காட்டிக் கொடுத்த கலை அது.

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஏழைகளுக்குப் பின்னல் பிழைப்பாயிற்று. 1571ஆம் ஆண்டில், பெருங்குடியினர் முதலிய சிலர் நீங்கலாக, ஆறு வயதிற்கு மேற்பட்டோர் ஞாயிறுதோறும் பின்னிய கம்பளித் தொப்பி அணிய வேண்டும் என்று சட்டமே இயற்றினர். யார்க், லிங்கன் போன்ற நகரங்களில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பின்னல் கற்பிக்கப் பள்ளிகள் தோன்றின.

அருகிருந்து கற்பது என்றவுடன் அன்பும் அரவணைப்புமே நினைவிற்கு வருதல் இயல்பு. எல்லா இடத்தும் அவ்வாறு இருக்கவில்லை. வட இங்கிலாந்தின் டென்ட் என்னும் பள்ளத்தாக்கில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் ஓயாது பின்னினர். நடக்கும்போதும் பின்னினர், மாலையில் ஒரே வீட்டில் கூடி, பாட்டின் தாளத்திற்கேற்ப உடலை அசைத்துப் பின்னினர். பதினெட்டாம் நூற்றாண்டில் லாங்டேல் என்னும் ஊரிலிருந்து இரு சிறுமியர், தொழில் கற்பதற்காக அங்கே அனுப்பப்பெற்றனர். மூத்தவள் பெட்டி யூடேல். அவளுக்கு வயது ஏழோ எட்டோதான். தங்கை அவளினும் இளையவள். ஓய்வற்ற வேலையும் பழக்கமில்லாத உணவும் ஊர் ஏக்கமும் அவர்களை வாட்டின. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் இருவரும் புறப்பட்டு, நெடுந்தொலைவு நடந்தே வீடு வந்து சேர்ந்தனர். பெட்டி முதுமையில் தன் வட்டார வழக்கிலேயே கூறிய இக்கதை, கவிஞர் ராபர்ட் சதேயின் 'தி டாக்டர்' என்னும் தொகுப்பில் இடம்பெற்றது. கைத்திறன் வரலாற்றில் மாணவரின் கண்ணீர் பதிவாகியுள்ள இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

பொறியின் வருகை

1589ஆம் ஆண்டில் நாட்டிங்காம் வட்டாரத்துக் கால்வர்ட்டனைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைப் படைத்தார். கையால் பின்னும் ஏழைகளின் வாழ்வு கெடும் என்று அஞ்சி எலிசபெத் அரசியார் அதற்குத் தனியுரிமை தர மறுத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. லீ பிரான்சிற்குச் சென்று அங்கேயே மறைந்தார். அவர் பொறி மறையவில்லை. இரு நூற்றாண்டுகளுக்குள் அது கைப்பின்னலைச் சந்தையிலிருந்து பெரிதும் ஒதுக்கியது. பின்னர் அப்பொறியில் உழைத்தவர்களும் கூலிக் குறைவால் நலிந்தனர். 1811இல் நாட்டிங்காம் பகுதியில் பொறிகளை உடைத்த லுட்டைட்டுகள் இத்தொழிலாளரே. பொறி உடைத்தலுக்கு மரண தண்டனை என 1812இல் சட்டம் வந்தது.

ஈண்டு ஓர் உண்மை நோக்கத்தக்கது. பின்னல் பிழைப்பாக இருந்தவரை அதற்கு ஏடு தேவைப்படவில்லை. வீடுதோறும் ஆசிரியர் இருந்தனர். பிழைப்பு பொறியிடம் சென்றபின், கைப்பின்னல் இரண்டு இடங்களில் தங்கியது. ஒன்று, செல்வர் வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு. மற்றொன்று, ஏழைச் சிறுமியரின் பள்ளிப் பாடம். கற்பித்த பாட்டியர் குறையக் குறைய, அவர்கள் இடத்தை நிரப்ப ஏடு வந்தது.

ஏடு ஆசிரியரான கதை

ஆங்கிலத்தில் அச்சேறிய பின்னல் விளக்கங்களுள் பழமையானது 1655ஆம் ஆண்டில் வந்த ஒரு மருத்துவக் குறிப்பு நூலில் காணப்படுகிறது. மருந்து வகைகளுக்கிடையே காலுறை பின்னும் முறை நீண்ட ஒரே மூச்சாகச் சொல்லப்பட்டுள்ளது. முன்பே பின்னத் தெரிந்தவருக்கன்றி மற்றவருக்கு அது விளங்காது. 1800ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் நெட்டோ, லேமன் ஆகிய இருவர் பின்னற்கலையை முழுமையாக விளக்கும் ஜெர்மன் நூலொன்றை வெளியிட்டனர். 1838இல் லண்டனில் வந்த 'தொழிற்பெண்ணின் வழிகாட்டி' என்னும் நூலும் தையலோடு பின்னலைக் கற்பித்தது.

பெரிய திருப்பம் எடின்பரோவில் நேர்ந்தது. அங்குக் கம்பளி நூற்கடை நடத்திய ஜேன் காகெய்ன் என்னும் அம்மையார், 1840ஆம் ஆண்டில் பின்னல் முறைகளைத் தொகுத்து நூலாக்கினார். ஒவ்வொரு கண்ணி வகையையும் முழுச் சொற்றொடரால் எழுதினால் ஒரு வரிசைக்கே ஒரு பக்கம் வேண்டும். எனவே ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எழுத்தைக் குறியாக வைத்தார். இசைக்கு சுரக்குறிப்பு எப்படியோ, கைக்கு அக்குறியெழுத்து அப்படியாயிற்று. நூல் பல பதிப்புகள் கண்டது. குறிகள் பின்னர் மாறினாலும், சுருக்கெழுத்தால் பின்னலை எழுதும் வழக்கம் இன்றளவும் நிலைத்துள்ளது.

குறி மட்டும் போதவில்லை, அளவும் வேண்டும். நூல் எழுதியவர் தடித்த ஊசியால் பின்னினாரா, மெல்லிய ஊசியால் பின்னினாரா என்று கற்பவர் எவ்வாறு அறிவார்? 1840களில் பிரான்சிஸ் லாம்பர்ட் என்னும் மற்றோர் அம்மையார், கம்பியின் பருமனை அளக்கும் துளைத்தகட்டை ஊசிக்குப் பயன்படுத்தி எண் குறிக்கும் முறையைப் பரப்பினார். இதிலும் பிற்காலத்தில் குழப்பம் நேர்ந்தது. பழைய பிரிட்டிஷ் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். பிரிட்டிஷ் 8ஆம் எண் 4 மில்லிமீட்டர்; அமெரிக்க 8ஆம் எண் 5 மில்லிமீட்டர்.

ஊசி ஒன்றேயானாலும் கை ஒன்றாகாது. ஒருவர் இறுக்கிப் பின்னுவார். மற்றொருவர் தளர்த்திப் பின்னுவார். ஓர் எளிய கணக்கால் இதனை உணரலாம். ஒரு சிறுவனின் சட்டைக்கு 168 கண்ணிகள் ஏற்றுக என்று நூல் சொல்கிறது. ஆசிரியர் கையில் அங்குலத்திற்கு 7 கண்ணி. ஆடையின் சுற்று 24 அங்குலம். கற்பவர் கையில் அங்குலத்திற்கு 6 கண்ணியே விழுமானால் சுற்று 28 அங்குலமாகிவிடும். நூலின் ஒவ்வோர் எழுத்தையும் பிழையின்றிப் பின்பற்றியும் ஆடை பிழையாகிறது. இதனாலன்றோ, முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி அளந்து பார்க்குமாறு பின்வந்த நூல்கள் வற்புறுத்தின!

பள்ளிகளின் நிலை வேறு. 1862ஆம் ஆண்டின் திருத்தக் கல்விவிதி இங்கிலாந்தில் அரசு நன்கொடையைத் தேர்வு முடிவுகளோடு பிணைத்தது. சிறுமியர்க்கு ஊசிவேலை கட்டாயமாயிற்று. வகுப்பில் பலர், ஆசிரியை ஒருவர். அதனால் பின்னலும் உடற்பயிற்சி போல ஆணைக்கு அடங்கியது. ஒன்று என்றால் ஊசியை நுழைக்க வேண்டும். இரண்டு என்றால் நூலைச் சுற்ற வேண்டும். மூன்று என்றால் இழுக்க வேண்டும். நான்கு என்றால் பழைய கண்ணியை விட வேண்டும். கைகள் ஒன்றாக அசைந்தன. ஏன் அவ்வாறு செய்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க அம்முறையில் இடமில்லை.

போர் வைத்த தேர்வு

1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டபோது, போர்வீரர்களுக்காக 300,000 இணைக் காலுறைகள் வேண்டும் என்று மேரி அரசியார் நாட்டுப் பெண்களிடம் வேண்டுகோள் விடுத்தார். அதுவரை ஊசி தொடாத கைகளும் பின்னத் தொடங்கின. விளக்கத் தாள்களும் சிறு நூல்களும் பெருகின.

காலுறையில் கடினமான பகுதி குதிகால். குழாய் போல் சுற்றிச் சுற்றிப் பின்னி வரும் துணியை அங்கே நிறுத்தி, பாதிக் கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி, பிறகு சில கண்ணிகளை இணைத்துக் குறைத்துப் பை போல் வளைக்க வேண்டும். ஏட்டில் படித்தால் இது பொருளற்ற எண்ணிக்கையாகவே தோன்றும். அதில் தவறினால் காலுறை மடிப்பு விழும். முனையைத் தடிப்பாக முடித்தால் அது காலணிக்குள் உராய்ந்து கொப்புளமாக்கும். சேறும் குளிர்நீரும் தேங்கிய பதுங்குகுழிகளில் பாதம் அழுகும் நோயால் வீரர் பலர் துன்புற்றனர். உலர்ந்த காலுறையை நாள்தோறும் மாற்றுவது அதற்குரிய காவல்களுள் ஒன்றாயிருந்தது. எங்கோ ஓர் அறையில் ஏட்டைத் திறந்துவைத்துக் கற்ற பெண்ணின் பிழை, கடல்கடந்த ஒருவன் பாதத்தில் புண்ணாகலாம் என்ற நிலை அன்று ஏற்பட்டது.

'ஏன்' என்ற வினா

இந்நூல்களில் பலவும் 'இவ்வாறு செய்க' என்று ஏவினவேயன்றி, 'இதனால் இவ்வாறு ஆகும்' என்று விளக்கவில்லை. அக்குறையைப் போக்க முயன்றவருள் சிறந்தவர் இங்கிலாந்தின் மேரி தாமஸ். 1938இல் வெளிவந்த அவருடைய பின்னல் நூல், இழை செல்லும் வழியைத் தெளிந்த கோட்டோவியங்களால் காட்டியது. கண்ணி எவ்வாறு அமைந்து நிற்கிறது என்பதை விளக்கியது. இடையிடையே நகைச்சுவைப் படங்களும் அமைந்து கற்பவரின் அச்சத்தைத் தணித்தன. கண்ணியின் அமைப்பை அறிந்தவருக்கு நழுவிய கண்ணி பேரிடரன்று. எடுத்து ஏற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றே.

இங்கிலாந்தில் 1910இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எலிசபெத் சிம்மர்மன் இன்னும் ஒருபடி சென்றார். அவர் எழுதியனுப்பிய பின்னல் முறையை ஓர் இதழ் தன் வழக்கப்படி மாற்றி வெளியிட்டது. அதன்பின் 1958இல் தம் சொந்தச் சுற்றிதழைத் தொடங்கினார். 1971இல் அவர் எழுதிய 'கண்ணீரின்றிப் பின்னல்' என்னும் நூல், எழுத்தை எண்ணாமல் பின்பற்றுவதை விட்டுக் கற்பவர் தம் அறிவால் பின்ன வேண்டும் என்று கூறியது. அவர் படிப்படியாக வகுத்த விழுக்காட்டு முறை எளியது. அங்குலத்திற்கு 5 கண்ணி, மார்புச்சுற்று 40 அங்குலம் என்றால் 200 கண்ணி. மணிக்கட்டிற்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40. மேற்கைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 66. உடலையும் கையையும் அளந்து, எவரும் தமக்குரிய ஆடையைத் தாமே வகுக்கலாம்.

பெட்டி யூடேலின் கண்ணீருக்கும் 'கண்ணீரின்றிப் பின்னல்' என்ற தலைப்பிற்கும் இடையே ஏறத்தாழ இரு நூறு ஆண்டுகள். சிறுமி அழுதது நல்லாசிரியர் இன்மையால். அறிவு அருகில் இல்லாமையால் அன்று. பிற்காலத்தார் அழுதது நல்ல ஏடு இன்மையால். இன்று அசையும் படங்களில் பின்னலைக் கண்டு கற்போர் பலர். அவற்றிலும் கையசைவை மட்டும் காட்டுவனவும் உண்டு. காரணம் கூறுவனவும் உண்டு.

எனவே பழமொழி பொய்யன்று. முழு உண்மையும் அன்று. ஏட்டில் வரைந்த சுரைக்காய் கறியாகாது. ஆனால் எந்நிலத்தில் விதை ஊன்றுவது, எப்போது நீர் விடுவது, இலை வாடினால் என்ன செய்வது என்று சொல்லும் ஏடு, கற்பவரின் கொல்லையில் ஒரு சுரைக்கொடியைப் படரச் செய்யும். கற்பவர் எங்கே தவறுவார் என்பதை முன்னறிந்து எழுதிய ஏடு, அவர் அருகில் அமர்ந்த ஆசிரியரேயாகும். நழுவிய கண்ணியை அவ்வேடு எடுத்துத் தராது; எடுக்கும் வழியைக் காட்டும். எடுக்க வேண்டியது கற்பவரின் கையே.