அவசரத்தில் பிறந்த எந்திரம்

பெரிய கம்பெனி செய்த பொருள் பழுதுபடாது என்னும் நம்பிக்கை உலகமெங்கும் உண்டு. பொருளின் தரத்தை ஆராயாது அதன்மேல் பொறித்த பெயரைக் கண்டு மதிப்பிடுவது, மனிதனின் குணத்தை ஆராயாது அவன் பிறந்த குலத்தைக் கேட்டு மதிப்பிடுவதற்கு ஒப்பானதே. அமெரிக்க மோட்டார் வண்டிகளின் சரித்திரத்தில் இந்நம்பிக்கைக்கு நேர்ந்த பெருஞ்சோதனை ஒன்றுண்டு. அதுவே ஓல்ட்ஸ்மொபில் டீசல் எந்திரத்தின் வரலாறு.

ஓல்ட்ஸ்மொபில் 1897-ஆம் ஆண்டில் தோன்றி, 1908-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கிளையாகி, 2004-இல் மறைந்துபோன புகழ்மிக்க பெயர். அஃது டீசலை நாடியதன் காரணம் யாது? 1973-ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெட்ரோலுக்காக வண்டிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. 1975-இல் அரசாங்கத்தார் ஒரு சட்டம் செய்தனர். ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் புதிய கார்கள் சராசரியாகக் காலனுக்கு 1978-இல் 18 மைலும், 1985-இல் 27.5 மைலும் ஓடவேண்டும் என்பது அதன் விதி. பெரிய கார்களை விற்றுப் பெருலாபம் கண்டுவந்த முதலாளிகளுக்கு இது பெருந்தலைவலி ஆயிற்று. கார்களின் உருவத்தை ஓரளவு சுருக்கினர். அதுவும் போதாமல், குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம் ஓடும் டீசலைத் துணைக்கழைத்தனர்.

டீசல் எந்திரம் ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1897-இல் இயக்கிக் காட்டியது. பெட்ரோல் எந்திரத்தில் மின்பொறி எரிபொருளைக் கொளுத்துகிறது. டீசலில் பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை இறுக அழுத்த, அது கடுஞ்சூடாகி, அச்சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அக்காலத்து அமெரிக்கப் பெட்ரோல் எந்திரம் காற்றை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிற்று. ஓல்ட்ஸ்மொபில் டீசலோ 22.5-இல் ஒரு பங்காகச் சுருக்கிற்று. இத்தகைய அழுத்தத்தைத் தாங்க இரும்பும் ஆணியும் எவ்வளவு உறுதியாக இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1978-ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த அவ்வெந்திரம் எட்டுச் சிலிண்டர்களும் 5.7 லிட்டர் கொள்ளளவும் உடையது. பழைய பெட்ரோல் எந்திரத்தை அப்படியே மாற்றி விற்றனர் என்று பலர் கூறுவர். அது முழு உண்மையன்று. எந்திரத்தின் உடலை உறுதிப்படுத்தியே வார்த்தனர். குற்றம் வேறிடத்தில் இருந்தது. பழைய எந்திரத்தைக் கடைந்த அதே சாதனங்களால் புதியதையும் கடைந்துவிட வேண்டும் என்னும் சிக்கனத்தால், ஒவ்வொரு சிலிண்டர்த் தலையையும் இறுக்கும் பத்து போல்ட்டுகளின் எண்ணிக்கையையும் அமைப்பையும் மாற்றாமல் விட்டனர். டீசலின் அழுத்தத்தில் அவை நீண்டன, சில முறிந்தன. தலைக்கு அடியிலுள்ள கேஸ்கட் பழுதுற்று, குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிந்தது. காற்றைச் சுருக்கலாம், நீரைச் சுருக்க முடியுமோ? மேலெழுந்த பிஸ்டன் அந்நீரில் மோதவே, எந்திரம் உள்ளுக்குள்ளேயே உடைந்தது.

மற்றொரு சிக்கனமும் உண்டு. டீசல் எண்ணெயில் கலந்துவரும் நீரைப் பிரிக்கும் வடிகட்டியை வைக்கவில்லை. அந்நீர் நுட்பமான எண்ணெய்ப் பம்பைத் துருப்பிடிக்கச் செய்தது. நீரைப் போக்க எண்ணிச் சிலர் சாராயங் கலந்த மருந்தை எண்ணெயில் ஊற்ற, அது பம்பிலுள்ள இரப்பர்ப் பகுதிகளைக் கெடுத்தது. டீசல் பழுதுபார்க்கப் பழகாத மெக்கானிக்குகள், ஒருமுறை நீண்டுபோன போல்ட்டுகளையே மீண்டும் பூட்டியனுப்ப, பழுது திரும்பத் திரும்ப வந்தது.

வலிமையிலேனும் குறைவற்றதாயிருந்ததா என்றால், அதுவும் இல்லை. அதே அளவுள்ள பெட்ரோல் எந்திரம் 170 குதிரைச் சக்தி தர, இது 120 மட்டுமே தந்தது. 1980-இல் அதுவும் 105 ஆகக் குறைந்தது. ஏறக்குறைய 4,000 இராத்தல் எடையுள்ள கார், மேட்டைக் கண்டால் மூச்சுவாங்கிற்று. எண்ணெய்ச் செலவு குறையும் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்கள், மிச்சமான பணத்தைப் பட்டறையில் கொட்டினார்கள். தொழிற்சாலையில் மிச்சம் பிடித்த காசு வாங்கியவர் தலையில் கடனாக விழுந்தது.

அவர்கள் தலைவிதி என்று வாளாவிருக்கவில்லை. ஒன்றுகூடி முறையிட்டனர், வழக்குத் தொடுத்தனர். 1983-இல் மத்திய வாணிபக் கமிஷன் முன் ஜெனரல் மோட்டார்ஸ் ஓர் உடன்படிக்கைக்கு இசைந்து, இந்த டீசல் எந்திரத்தின் எண்ணெய்ப் பம்பு உள்ளிட்ட சில பழுதுகள் பற்றிய முறையீடுகளை நடுவர்முன் தீர்த்துக்கொள்ள ஒப்பியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக்காரை வாங்கியவரைக் காக்கும் சட்டத்தைக் கனெக்டிகட் மாநிலம் முதன்முதலாக இயற்றியிருந்தது. உதவாத காரை அமெரிக்கர் எலுமிச்சை என்று ஏசுவர். ஆதலால் அதற்கு எலுமிச்சைச் சட்டம் என்றே பெயர் வழங்கலாயிற்று. பிற மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

பின்னாளில் திருத்தங்கள் பல செய்யப்பட்டன. ஆனால் இழந்த மதிப்பு மீளவில்லை. 1985-ஆம் ஆண்டோடு அவ்வெந்திரம் நின்றது. இதனினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. செய்தவரின் அவசரத்தை வெறுக்க வேண்டிய மக்கள், டீசல் என்னும் தத்துவத்தையே வெறுத்துவிட்டனர். 2010-ஆம் ஆண்டையொட்டி மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதுக்கார்களில் ஏறக்குறையப் பாதி டீசலாயிருக்க, அமெரிக்காவில் நூற்றுக்குச் சிலவே அவ்வாறிருந்தன. மலிவான பெட்ரோலும் கடுமையான புகைச் சட்டங்களும் அதற்குக் காரணமெனினும், பழைய கசப்புக்கும் அதில் பங்குண்டு.

நல்ல கொள்கையைப் பகைவரைவிட அரைகுறையாகச் செய்துகாட்டுவோரே அதிகம் கெடுக்கின்றனர். இஃது எந்திரத்திற்கு மட்டுமா? சங்கம் அமைப்போரும், பள்ளிக்கூடம் தொடங்குவோரும், சீர்திருத்தம் பேசுவோரும் அந்தப் பத்து போல்ட்டுகளை நினைவில் வைப்பாராக.