அடுக்களையில் பசி

கியோட்டோவில் வாழ்பவன் துணிமணி வாங்கியே ஓட்டாண்டியாவான், ஓசாகாவில் வாழ்பவன் தின்றே ஓட்டாண்டியாவான் என்று ஜப்பானில் ஒரு வழக்கு உண்டு. தின்று அழிதலைக் குறிக்கும் 'குயிதாவோரே' என்ற சொல்லை ஓசாகா மக்கள் வசையாகக் கொள்வதில்லை, விருதாகவே சூடிக்கொண்டிருக்கிறார்கள். நகரின் நடுவே ஓடும் டோட்டோன்போரிக் கால்வாயின் கரையில் ஒரு மாலை நடந்தால் அதன் பொருள் விளங்கிவிடும். கடை முகப்புகளில் ராட்சத நண்டுகள் காலசைக்கின்றன. அடுப்புக்கு அடுப்பு புகை. நின்றபடியே தின்னும் கூட்டம்.

நம் குழிப்பணியாரக் கல்லைப் போன்ற இரும்புத் தட்டில் கோதுமை மாவுக் கரைசலை ஊற்றி, குழிக்கொரு கணவாய்த் துண்டு இட்டு, கூரிய கம்பியால் புரட்டி எடுக்கிறார்கள். தாகோயாகி என்று பெயர். உண்மையில் அது கணவாய் அன்று. எட்டுக்கால் உடைய ஆக்டோபஸ், நம் கடற்கரையில் பேய்க்கணவாய் எனப்படுவது. நகரின் அடையாளமாகிவிட்ட இந்தப் பண்டம் மிகப் பழையது என்றே நாம் எண்ணியிருந்தோம். 1935ஆம் ஆண்டில்தான் ஐசுயா என்னும் கடையில் இன்றைய வடிவில் பிறந்ததாம். ஓசாகாவில் பழமை என்று நாம் நினைப்பது பலவும் அப்படித்தான். நகரின் முகமாக நிற்கும் கோட்டைக் கோபுரமும் 1931இல் நகர மக்களின் நன்கொடையால் எழுப்பப்பட்ட கான்கிரீட் கட்டடமே. டொயோடோமி ஹிடெயோஷி 1583இல் கட்டத் தொடங்கிய முதற்கோட்டை 1615ஆம் ஆண்டு முற்றுகையில் எரிந்தது. டோகுகவாக்கள் எழுப்பிய அடுத்த கோபுரம் 1665இல் இடிவிழுந்து போயிற்று.

அதே 1615இல்தான் டோட்டோன்போரிக் கால்வாயும் வெட்டி முடிந்தது. டோட்டோன் என்பது அதைத் தொடங்கியவரின் பெயர். முற்றுகைப் போரில் தோற்ற பக்கம் நின்று அவர் மாண்டார்; உறவினர் பணியை முடித்தனர். வென்றவர்களின் ஆட்சியில் தோற்றவன் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது வியப்புத்தான்.

ஊர் அதனினும் பழையது. நானிவா என்ற பெயரில் இது பெருந்துறையாக இருந்த காலத்தில், 736ஆம் ஆண்டு, போதிசேனர் என்னும் இந்தியத் துறவி இங்கு வந்திறங்கினார். கியோகி என்ற ஜப்பானியத் துறவி துறைக்கே சென்று வரவேற்றார். பின்னர் 752இல் நாரா நகரின் பெரும்புத்தர் சிலைக்குக் கண்திறப்புச் செய்தவர் போதிசேனரே. ஜப்பானிய ஆவணங்கள் அவரைத் தென்னிந்தியப் பிராமணத் துறவி என்று குறிக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டு அவரை மதுரைக்காரர் ஆக்கிவிட்டவர்களும் நம்மிடையே உண்டு. ஆசை நியாயமானது, சான்று அவ்வளவு தூரம் வருவதில்லை.

நாம் சொல்ல வந்தது டோகுகவாக் காலத்து ஓசாகாவை. அரசியல் தலைநகர் எடோ, அதாவது இன்றைய டோக்கியோ. அரண்மனைத் தலைநகர் கியோட்டோ. ஓசாகாவோ வணிகர் நகர். நாட்டின் அடுக்களை என்று வரலாற்றாசிரியர்கள் அதற்குப் பெயர் சூட்டினர். சிற்றரசர்கள் தம் நாட்டில் வரியாகப் பெற்ற நெல்லை அரிசியாக்கிப் படகேற்றி இங்கு அனுப்பினர். நாகனோஷிமா தீவைச் சுற்றியும் ஆற்றங்கரை நெடுகவும் அவர்களுடைய பண்டகசாலைகள் நூற்றுக்கும் மேல் இருந்தன. விற்றுக் கிடைத்த பணத்தில்தான் சிற்றரசர்களின் எடோ வாழ்க்கை நடந்தது. அக்காலத்தில் செல்வத்தின் அளவுகோலே 'கோகு'. ஒரு கோகு என்பது ஏறத்தாழ 150 கிலோ அரிசி, ஓர் ஆள் ஓராண்டுக்கு உண்ணும் அளவு. நம் ஊர்க் கலமும் கோட்டையும் போன்ற ஓர் அளவை, ஒரு நாட்டின் அரசியலையே தாங்கி நின்றது.

அரிசி வாங்கியவருக்கு முதலில் கிடைத்தது அரிசி அன்று, சீட்டு. சீட்டு கைமாறத் தொடங்கியது. பிறகு இல்லாத அரிசிக்கும் இனி விளையப்போகும் அரிசிக்கும் விலை பேசுவது வழக்கமாயிற்று. டோஜிமாவில் நடந்த இந்த வணிகத்தை 1730இல் ஷோகன் யோஷிமுனே முறைப்படி அனுமதித்தார். முன்பேர வணிகச் சந்தைகளின் வரலாற்றை எழுதுவோர் உலகிலேயே முதல்வரிசையில் வைப்பது இந்தச் சந்தையைத்தான். மாலையில் ஒரு திரி கொளுத்தி வைக்கப்படும். அது அணைந்தால் அன்றைய வணிகம் முடிந்தது. கலைய மறுத்துக் கூச்சலிட்டுக்கொண்டிருப்பவர்கள் மீது தண்ணீர் ஊற்றி விரட்டவே ஆட்கள் இருந்தனராம். டோஜிமா விலையைக் குன்றுக்குக் குன்று கொடியசைத்து, தொலைநோக்கியால் கண்டு, அடுத்த நகருக்கு அனுப்பினர். சாமுராய்களுக்குச் சம்பளம் அரிசியாகக் கிடைத்ததால் விலை வீழ்ந்தால் அவர்களுக்குக் கேடு. ஏறினால் நகரத்துக் கூலிக்காரனுக்குக் கேடு. யோஷிமுனேவின் கவலை முதலாவது கேடு பற்றியது. இரண்டாவதைப் பற்றிக் கவலைப்பட்டவரைப் பிறகு காண்போம்.

அரிசியோடு வந்த மற்றொன்று கொம்பு. நம் கொம்பு அன்று. வடகடலில் விளையும் தடித்த கடற்பாசிக்கு அவர்கள் இட்ட பெயர். 1672இல் கவாமுரா சுய்க்கென் மேற்குக் கடல்வழியைச் சீர்படுத்திய பின், இன்றைய ஹொக்கைடோவிலிருந்து கப்பல்கள் ஜப்பான் கடல் வழியாக இறங்கி, உள்நாட்டுக் கடலுக்குள் புகுந்து ஓசாகாவை அடைந்தன. ரசத்துக்குப் பருப்புத்தண்ணீர் எப்படியோ அப்படி ஜப்பானியச் சமையலுக்கு 'டாஷி' என்னும் சாறு. ஓசாகாவின் டாஷி கொம்பினால் ஆனது. 1908இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இகேதா கிகுனே, கொம்புச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்து, அறுசுவைக்குள் அடங்காத அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அஜினோமோட்டோ பிறந்த கதை அது.

அந்தக் கொம்பைக் கடலிலிருந்து எடுத்தவர்களில் ஐனு பழங்குடியினர் பலர். மீன்பிடித் துறைகளைக் குத்தகைக்கு எடுத்த ஜப்பானிய வணிகர்கள் அவர்களை ஏறத்தாழக் கொத்தடிமைகளாகவே வேலை வாங்கினர். கொம்பு ஏற்றிவந்த அதே கப்பல்கள் ஹெர்ரிங் மீனுரத்தையும் கொண்டுவந்தன. ஓசாகாவைச் சுற்றிய பருத்தி வயல்கள் அந்த உரத்தில் செழித்தன. ஒரு கிண்ணம் தெளிந்த சாற்றுக்குள் இவ்வளவு கலங்கல்.

பணம் சேர்ந்த இடத்தில் கல்வியும் சேர்ந்தது. 1724இல் ஐந்து வணிகர்கள் கூடிக் கைடோகுடோ என்னும் கல்விச்சாலையை நிறுவினர். அதன் விதிகள் நம் போன்ற கல்லூரி ஆசிரியர்கள் படித்துப் பெருமூச்சுவிடத் தக்கவை. புத்தகம் இல்லாதவரும் வந்து கேட்கலாம். தவிர்க்க முடியாத வேலை வந்தால் பாடத்தின் நடுவிலேயே எழுந்து போகலாம். சாமுராய்க்கு முன்வரிசை உண்டு, ஆனால் பாடம் தொடங்கியபின் வந்தால் அந்த வேறுபாடு இல்லை. வகுப்பறைக்குள் காலம் தவறியவனுக்குக் குலம் கைகொடுக்காது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த ஐவருள் ஒருவர் சோயாச்சாறு வணிகர். அவர் மகன் டொமினாகா நகமோட்டோ 1745இல் வெளியிட்ட நூலில், பௌத்த சூத்திரங்கள் எல்லாம் புத்தர் வாக்கல்ல, காலந்தோறும் முந்தையதை விஞ்சவேண்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை என்று மொழியாராய்ச்சியால் நிறுவ முயன்றார். மறு ஆண்டே முப்பத்தோரு வயதில் இறந்தார். இடைச்செருகல் எது, மூலம் எது என்று ஏடுகளோடு மல்லுக்கட்டிய நம் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால், ஒரு சோயாக் கடை வீட்டில் இந்தச் சிந்தனை. (சிகமாட்சு மொன்சாயெமொன் 1703இல் ஓசாகாவின் பொம்மலாட்ட மேடைக்கு எழுதிய 'சொனெசாகி' காதல் தற்கொலை நாடகத்தின் நாயகனும் சோயாக் கடைக் கணக்கப்பிள்ளையே. அதுவரை மாவீரர்களுக்கே உரியதாயிருந்த துயரம் ஒரு கடைச் சிப்பந்திக்கு வாய்த்தது இந்த நகரில். அதைத் தனியே எழுதவேண்டும்.)

இப்போது அந்த ஆசிரியர். ஒஷியோ ஹெய்ஹாசிரோ, 1793இல் ஓசாகாவின் தெம்மா பகுதியில் பிறந்தவர். நகர நடுவரின் கீழ்ப் பணிபுரிந்த காவல் அதிகாரி. கையூட்டு வாங்காதவர், வாங்கியவரை விடாதவர் என்று பெயர் பெற்று, 1830இல் பணியைத் துறந்து, தம் வீட்டிலேயே நடத்திவந்த பள்ளியில் முழுமூச்சாக ஈடுபட்டார். பள்ளியின் பெயர் செஞ்ஷின்டோ. மனத்தைக் கழுவும் குகை என்று பொருள். சீன அறிஞர் வாங் யாங்மிங்கின் வழியினர் அவர். அறிவும் செயலும் இரண்டல்ல, செயலாகாத அறிவு அறிவே அல்ல என்பது அந்த வழியின் சாரம். மேடையில் பேச எளிது.

1833 முதல் தெம்போப் பஞ்சம் நாட்டை வாட்டியது. 1836இல் விளைச்சல் பொய்த்து, அரிசி விலை ஏறி, நாட்டின் அடுக்களையிலேயே மக்கள் பட்டினியால் சாகத் தொடங்கினர். பண்டகசாலைகள் வெறுமையாகிவிடவில்லை. நகர நடுவர் அதோபே, புதிய ஷோகனின் பதவியேற்புக்காக எடோவுக்கு அரிசியைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார். ஒஷியோ நிவாரணம் கேட்டு முறையிட்டார், கேட்பாரில்லை. பெருவணிகர்களிடம் கடன் கேட்டார், கிடைக்கவில்லை. பின் தம் நூலகம் முழுவதையும் விற்று, வந்த பணத்தைப் பசித்த குடும்பங்களுக்குப் பங்கிட்டார்.

இந்த வரியைக் கடந்து செல்ல நமக்கு நெடுநேரம் ஆயிற்று. ஏட்டுச்சுவடிக்கும் பழம்பதிப்புக்கும் வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்தவர்களை நாம் அறிவோம்; நாமும் ஒருவகையில் அந்தக் கூட்டமே. வயிற்றுக்காக, அதுவும் பிறர் வயிற்றுக்காக, நூலகத்தை விற்பதென்றால் நம் அலமாரியில் எந்தத் தட்டிலிருந்து தொடங்குவோம் என்று எண்ணிப் பார்த்தோம். விடை வரவில்லை.

விற்ற பணத்தில் ஒரு நகரின் பசி தீராது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அதிகாரிகளையும் வணிகர்களையும் சாடும் அறைகூவலைச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1837 மார்ச் 25 அன்று, உள்ளிருந்தே சிலர் காட்டிக்கொடுத்ததால் குறித்த நேரத்துக்கு முன்னதாக, தம் வீட்டுக்குத் தாமே தீயிட்டு, மக்களைக் காப்போம் என்று எழுதிய கொடியோடு புறப்பட்டார். மாணவரும் உழவருமாகச் சுமார் முந்நூறு பேர். ஆற்றைக் கடந்து வணிகர் தெருக்களில் பீரங்கியால் சுட்டுப் பண்டகசாலைகளைத் திறந்தனர். அன்று மாலைக்குள் கிளர்ச்சி அடக்கப்பட்டது. தீ மட்டும் அடங்கவில்லை. நகரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எரிந்தது.

எரிந்தவற்றில் கோனோய்கே, மித்சுயி போன்ற பெருவணிகரின் மாளிகைகள் இருந்தன. ஏழைகளின் குடிசைகளும் இருந்தன. மர வீடுகள் நெருங்கிய நகரில் தீ ஆள் பார்த்துப் பரவுவதில்லை. ஒஷியோவைத் தியாகியாக மட்டும் போற்றுவோர் இதைச் சற்று வேகமாகக் கடந்துவிடுகின்றனர். யாருக்காக நூல்களை விற்றாரோ, அவர்களில் எத்தனையோ பேரின் கூரையையும் அவரே எரித்தார். அதே வேளையில், எடோவுக்குப் போன அரிசியை மறந்துவிட்டு இந்தத் தீயை மட்டும் பேசுவதும் நேர்மையாகாது.

ஒரு மாதத்துக்கு மேல் நகருக்குள்ளேயே ஒளிந்திருந்த ஒஷியோவும் வளர்ப்பு மகனும், வீடு சுற்றிவளைக்கப்பட்டதும் தீமூட்டி இறந்தனர். அரசு அத்துடன் விடவில்லை. கருகிய உடல்களை உப்பிட்டுப் பதப்படுத்தி வைத்து, மறு ஆண்டு தீர்ப்பு வந்தபின் மரத்தில் அறைந்து காட்டியது. அதே 1838இல் ஒகாதா கோவான் என்ற மருத்துவர் தெகிஜுகு என்னும் டச்சு மொழிவழிப் பள்ளியை ஓசாகாவில் தொடங்கினார்; புதிய ஜப்பானின் சிந்தனையாளர் ஃபுகுசாவா யுகிச்சி அங்கே பயின்றவர். அதன் கட்டடம் இன்றும் நிற்கிறது, பார்க்கலாம். செஞ்ஷின்டோவுக்குக் கட்டடம் இல்லை. மோரி ஓகாய் 1914இல் ஒஷியோவின் பெயரையே தலைப்பாக்கி ஒரு நெடுங்கதை எழுதினார்; தெம்மாவுக்கு அருகே ஜோஷோஜி கோயிலில் கல்லறை இருக்கிறது.

ஏப்ரலில் நாம் ஓசாகாவில் இருந்த நான்கு நாட்களில் ஒரு நாளை நாணயச்சாலைக்கு ஒதுக்கினோம். 1871இல் திறக்கப்பட்ட அந்தச் சாலையின் வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைச் செர்ரி மரங்கள் உள்ளன. 1883 முதல், பூக்கும் பருவத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் பொதுமக்களை உள்ளே விடுகின்றனர். ஒருவழிப் பாதை, தெற்கே நுழைந்து வடக்கே வெளியேற வேண்டும், திரும்பி நடக்க இடமில்லை. அருகிலேயே, நாணயச்சாலை ஊழியர் குடியிருப்புப் பகுதியில்தான் செஞ்ஷின்டோ இருந்தது. ஒரு நினைவுக்கல் உண்டு. பணம் வார்க்கும் இடத்தை ஒட்டி அந்தக் கல் அமைந்ததை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

இளஞ்சிவப்புக் கொத்துகளுக்குக் கீழே கூட்டம் நம்மை மெல்லத் தள்ளிக்கொண்டு போயிற்று. முதியவர் ஒருவர் ஒவ்வொரு மரத்தின் பெயர்ப்பலகையையும் நின்று படித்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார். வடக்கு வாயிலைத் தாண்டியதும் ஆற்றங்கரை நெடுகத் தின்பண்டக் கடைகள். நமக்கும் நல்ல பசி.