எந்தக் கடையில் உட்காரலாம்?



கல்லூரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மூத்த மாணவர்கள் முதலில் சொல்லித் தருவது பாடத்தைப் பற்றி அல்ல. எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும், எங்கே கணக்கு எழுதிக்கொள்வார்கள், ஒரு டீயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அரசியல் பேசினாலும் எந்தக் கடைக்காரர் முறைக்க மாட்டார், எந்த பாருக்குப் போனால் வம்பு வரும் என்பதைத்தான் சொல்லித் தருகிறார்கள். எல்லா நாட்டிலும் மாணவர்களிடம் இப்படி ஒரு வழிகாட்டி இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வழிகாட்டியும் உண்டு. அது கல்லூரிக்கு வருவதற்கு வெகு முன்பே, வீட்டிலேயே கொடுக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் கடையில் பெஞ்சில் உட்காராதே. இந்தக் கடையில் குடித்த டம்ளரை நீயே கழுவி வைக்க வேண்டியிருக்கும், போகாதே. பஸ் ஸ்டாப் கடையில் காகிதக் கப்பில் கொடுப்பான், குடிக்கலாம். பத்து வயதுக்குள் இதெல்லாம் மனப்பாடமாகிவிடும். இந்த இரண்டாவது வழிகாட்டியின் வரலாற்றைத்தான் இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்டேன்.

சமூகவியல் வகுப்பில் ஹேபர்மாஸ் படிக்காமல் யாரும் தப்ப முடியாது. 1962இல் வெளிவந்த தன் நூலில் அவர் பொதுவெளி என்பதன் பிறப்பை லண்டன் காபிக் கடைகளில் தேடினார். ஒரு பென்னி கொடுத்தால் யாரும் உள்ளே வரலாம்; பிரபுவும் வணிகரும் ஒரே மேசையில் பத்திரிகை படித்து வாதாடலாம். அந்தக் கடைகளிலேயே பெண்களுக்கு இடமில்லை என்பதைப் பின்னால் பலர் சுட்டிக்காட்டினார்கள். நமக்கு இருப்பது அதற்கும் முந்தைய கேள்வி. அந்த ஒரு பென்னியை நாம் நீட்டினால் கடைக்காரர் கையால் வாங்குவாரா, தரையில் வைக்கச் சொல்வாரா?

காபியின் கதையை எங்கிருந்து தொடங்குவது என்பதே ஓர் அரசியல். தமிழகத்தில் காபி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணர்களின் அடையாளமாக எப்படி ஆனது என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். காபி மேல்தட்டுக்கு, டீ உழைப்பாளிக்கு என்ற பிரிவினை நமக்கு இன்றும் தெரிந்ததுதான். நான் டம்ளரிலிருந்து பின்னோக்கி, செடிக்குப் போக விரும்புகிறேன். 1830களிலிருந்து இலங்கை மலைகளில் காட்டை அழித்துக் காபி நட்டவர்கள் யார்? திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைக்கும் தப்பி, மன்னார் வழியாகக் கால்நடையாகப் போனவர்கள். அவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1869இல் தோன்றிய இலை நோய் காபியை அழித்ததும் அதே கைகள் தேயிலையை நட்டன. அந்தக் கைகள் விளைவித்த காபி, கும்பகோணத்துப் பித்தளை டபராவில் நுரைத்தபோது, அந்தக் கைக்காரர்களின் உறவினர்கள் காபி கிளப் வாசலைத் தாண்ட முடியாது.

காபி கிளப் என்றதும் திராவிட இயக்கத்தின் போராட்டம் நினைவுக்கு வரும். ரயில் நிலைய உணவகங்களில் 'பிராமணாள்', 'இதராள்' என்று பிரித்து வைத்திருந்ததைப் பெரியார் எதிர்த்தார். 1941இல் அது நீங்கியது. 1957 மே மாதம் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் திராவிடர் கழகத் தொண்டர்கள் மறியல் தொடங்கினார்கள். பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மாதக் கணக்கில் நடந்து, மறு ஆண்டு அந்தச் சொல் போனது. அந்த மறியலைக் குறைத்துச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெயர்ப் பலகை என்பது வெறும் பலகை அல்ல; அது வாசலில் நிற்கும் காவலாளி. ஆனால் நாம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. 'இதரர்' என்ற சொல்லுக்குள் சேரி இருந்ததா? ஊர்ப்புறக் கடைகளில் இருக்கவில்லை. நகரத்தில் பலகை இறங்கியபோது கிராமத்தில் கொட்டாங்குச்சி கூரையில் செருகியே இருந்தது. அந்தக் கொட்டாங்குச்சிக்குப் பலகை தேவைப்படவில்லை, ஊருக்கே தெரியும் என்பதால்.

எழுதப்படாத விதிக்கு எதிராக ஓர் எழுதப்பட்ட வழிகாட்டி இருந்த ஊரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நியூயார்க் ஹார்லெமில் விக்டர் ஹ்யூகோ கிரீன் என்று ஒரு கறுப்பினத் தபால்காரர். 1936இல் அவர் ஒரு சிறு வழிகாட்டி நூலை வெளியிட்டார். கறுப்பின மக்களை அவமதிக்காமல் உள்ளே விடும் விடுதிகள், சாப்பாட்டுக் கடைகள், மதுக்கூடங்கள், முடிதிருத்தகங்கள், பெட்ரோல் பங்க்குகள், ஊர்வாரியாக, முகவரியோடு. பின்னர் அது நாடு முழுமைக்கும் விரிந்தது. இப்படி ஒரு நூல் தேவைப்படாத காலம் வரும் என்ற நம்பிக்கையையும் அவர் அதில் பதிவு செய்தார். 1960இல் இறந்துவிட்டார். 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1966-67 பதிப்போடு நூல் நின்றது. தன்னைத் தானே ஒழித்துக்கொள்வதை லட்சியமாகக் கொண்ட வழிகாட்டி உலகில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணலின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நினைவுகளைப் படித்தவர்கள், பரோடாவில் பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கி, கண்டுபிடிக்கப்பட்டு, தடிகளோடு வந்தவர்களால் அவர் வெளியேற்றப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அவர் கையில் அப்படி ஒரு வழிகாட்டி இல்லை.

கிரீன் இறந்த அதே 1960இல், பிப்ரவரி 1ஆம் தேதி, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு முதலாண்டு கல்லூரி மாணவர்கள் உல்வொர்த் கடைக்குள் போனார்கள். பற்பசை போன்ற சில்லறைச் சாமான்களை வாங்கினார்கள். கடை காசை வாங்கிக்கொண்டது. பிறகு சாப்பாட்டு மேடையின் ஸ்டூலில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கறுப்பர்களுக்கு இங்கே கொடுப்பதில்லை என்று பதில் வந்தது. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இருபதுக்கும் மேல், அந்த வாரக் கடைசியில் நூற்றுக்கணக்கில். அதே வசந்தத்தில் எல்லா பேக்கரின் முயற்சியில் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு உருவானது. ஜூலை 25ஆம் தேதி கடை பணிந்தது. முதலில் அங்கே பரிமாறப்பட்டவர்கள் யார் தெரியுமா? அதே கடையில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்கள் சமைக்கலாம், தட்டுக் கழுவலாம், உட்கார மட்டும் கூடாது என்றிருந்தது. சமையலுக்குத் தீட்டில்லை, உட்காருவதற்குத் தீட்டு. நமக்குப் புரியாத கணக்கா இது?

நம் மொழியிலேயே இப்படி ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டு மாணவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. யாழ்ப்பாணத்தைத்தான் சொல்கிறேன்.

அங்கே பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர். தேநீர்க் கடைக்குள் அவர்களுக்கு இடமில்லை. வெளியே நின்றால் தனிப் பேணியிலோ போத்தலிலோ ஊற்றித் தருவார்கள். இதில் பள்ளரும் நளவரும் பனையேறிக் கள் இறக்கியவர்கள். அவர்கள் இறக்கிய கள்ளை வெள்ளாளர் குடிப்பார்கள். அவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள். கள்ளுத் தவறணையில் பழக்கம் சற்றுத் தளர்ந்திருக்கும். இரவில் தவறணையில் தோளில் விழுந்த கை காலையில் தேநீர்க் கடையில் விரல் நீட்டி வெளியே நிற்கச் சொல்லும். குடியில் சாதி கரைகிறது என்று நம்மிலும் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. கரைவதில்லை, கொஞ்ச நேரம் தள்ளாடுகிறது. அயோத்திதாசர் பௌத்த ஒழுக்கத்தின் பேரில் மதுவை எதிர்த்ததை வெறும் ஒழுக்கவாதமாகப் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

1957இல் இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் பேணி போகவில்லை. 1966 அக்டோபர் 21ஆம் தேதி சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்புக் கம்யூனிஸ்டுகள் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிரான ஊர்வலத்தைத் தொடங்கினார்கள். போலீஸ் அடித்தது. அதன் பிறகு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாகி, சங்கானை, கொடிகாமம், நெல்லியடி என்று தேநீர்க் கடைகளுக்குள் நுழைந்து உட்காரும் போராட்டம் பரவியது. எதிர்த் தரப்பு குடிசைகளை எரித்தது, சுட்டது, உயிர்கள் போயின. கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1968இல் போராட்டம் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலுக்கு வந்தபோது அங்கே நின்று மறித்தவர் கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம். கணிதம் படித்தால் சாதி போய்விடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

இந்தப் போராட்டத்தில் நின்ற கே. டானியல் அதை 'பஞ்சமர்' நாவலாக்கினார். 1966இல் டொமினிக் ஜீவா 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். முடிதிருத்தும் சலூனிலிருந்து நடந்த இலக்கிய இதழ் அது. ஐரோப்பிய அறிஞர்கள் பொதுவெளியின் தொட்டில்களில் ஒன்றாக சலோன் என்பதைச் சொல்வார்கள், சீமாட்டிகளின் வரவேற்பறையை. நம்முடைய சலூனில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. ஹேபர்மாஸுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

இங்கே சட்டத்துக்குக் குறைவில்லை. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்களை எல்லோருக்கும் திறந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடைகளையும் உணவகங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1948 நவம்பர் 29ஆம் தேதி விவாதத்தில், கடை என்றால் சலவைக் கடையும் முடிதிருத்தும் கடையும் அடங்குமா என்ற கேள்வி எழுந்தது. சேவையை நாடி வருபவர் எவருக்கும் அதைத் தரத் தயாராக இருக்கும் இடம் எதுவும் கடைதான் என்ற பொருளில் அண்ணல் விளக்கினார். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1976இல் அதுவே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமானது. அதன் 4ஆம் பிரிவு உணவகப் பாத்திரங்களைப் பற்றியே பேசுகிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம், அபராதம் 100 முதல் 500 ரூபாய். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் பொதுப் பாத்திரம் சேர்ந்துவிட்டது. ஒரு டம்ளருக்கு இத்தனை சட்டம் எழுதிய நாடு நம்முடையது.

ஆனால் டம்ளர் சட்டத்தைவிட வேகமாக மாறுகிறது. கொட்டாங்குச்சி அலுமினியமானது. அலுமினியம் போய், ஊருக்குக் கண்ணாடி, சேரிக்கு எவர்சில்வர் என்றானது. சில இடங்களில் அப்படியே தலைகீழ். பிறகு பிளாஸ்டிக் கப் வந்தது. குடித்துவிட்டுத் தூக்கி எறிந்துவிடலாம், கழுவ வேண்டாம், சாட்சியும் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது சுற்றுச்சூழல் நண்பர்கள் மகிழ்ந்தார்கள். கள ஆய்வுக்குப் போன எங்களுக்கு இன்னொரு கவலை இருந்தது, கப் போனால் எது வரும் என்று. காகிதக் கப் நின்றுகொண்டது. எல்லோருக்கும் காகிதக் கப் என்றால் சமத்துவம்தானே என்று கடைக்காரர் கேட்பார். எல்லோருக்குமா என்று அரை மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும்: தெரிந்தவருக்குக் கண்ணாடி டம்ளர் கேட்காமலே வரும்.

கடைக்காரரை மட்டும் குற்றவாளியாக்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அவரும் பெரும்பாலும் ஏழை. அவர் பிழைப்பு ஊர்ப் பெரியதனக்காரர்களின் வருகையில் நிற்கிறது. கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மக்கள் கடையைப் புறக்கணித்தபோது வியாபாரம் சரிந்தது. நம் ஊரில் நாம் கடையைப் புறக்கணித்தால் மறுநாள் வயல்வேலை இல்லை, பால் வாங்க மாட்டார்கள், வழி மறிப்பார்கள். இங்கே புறக்கணிப்பு என்ற ஆயுதம் அவர்கள் கையில்தான் அதிகம். ஆகவே டம்ளர் போராட்டம் நிலத்திலிருந்தும் கூலியிலிருந்தும் பிரிந்து வெற்றி பெற்றதாக எனக்குத் தெரிந்து இல்லை. இன்னொன்று. டீக்கடைப் பெஞ்சில் நமக்குச் சம உரிமை என்று பேசும்போது அந்தப் பெஞ்சில் நம் பெண்கள் யாரும் இல்லை என்பதை நாமே கவனிப்பதில்லை. களை எடுத்துவிட்டு வரும் அக்கா தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு ஓரமாகப் போகிறார். அவருக்கு இரண்டு வாசல் அடைத்திருக்கிறது.

நம் மன்றம் இந்த ஆண்டு ஒரு வழிகாட்டி தயாரிக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். கிரீனுடையதைப் போல, ஊர்வாரியாக. விடுமுறையில் ஊருக்குப் போகும் மாணவர்கள் எழுதட்டும். தீர்ப்பு வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கடை எந்தத் தெருவில் இருக்கிறது, டம்ளர்கள் எத்தனை வகை, அவை ஒரே இடத்தில் கவிழ்த்து வைக்கப்படுகின்றனவா, யார் கழுவுகிறார், பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் யார், நின்றவர்கள் யார், காசைக் கையில் வாங்கினாரா, மீதியை எங்கே வைத்தார். டாஸ்மாக் பாராக இருந்தால் அதையும் இப்படியே. தேதி, நேரம் கட்டாயம். நாளை இது ஒரு புகார் மனுவுக்கு இணைப்பாகப் போகலாம். ஊரில் தங்கியிருக்கும் உறவினரின் பெயரை எங்கும் எழுத வேண்டாம். நல்ல கடைகளையும் விடாதீர்கள், எல்லோருக்கும் ஒரே டம்ளரில் கொடுத்து ஊரின் முறைப்பைத் தாங்கிக்கொண்டிருக்கும் கடைகள் இருக்கின்றன, அவற்றுக்கு வாடிக்கை சேர வேண்டும். படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று சொந்த ஊருக்கு, இன்னொன்று நீங்கள் படிக்கும் ஊருக்கு.