இலைக்கு விலையா, இருக்கைக்கு விலையா?



சென்ற பொதுக்குழுவில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டன. ஆண்டு விழா விருந்துக்குத்தான் ஒரு மணி நேரம் ஆனது. பெயர்பெற்ற நட்சத்திர ஓட்டலில் வைத்துக்கொள்ளலாம், தலைக்கு 2,500 ரூபாய் ஆகும் என்றார்கள் சிலர். அந்தப் பணத்துக்கு நம் கூடத்திலேயே சமையல்காரரை வைத்து மூன்று விருந்து போடலாமே என்றார்கள் வேறு சிலர். முடிவு எடுக்காமலே கலைந்தோம். அந்தக் கேள்வியையே இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். பேர்போன உணவகத்தில் சாப்பிடுவது, கொடுக்கிற காசுக்குத் தகுமா?

நான் மீமிசல்காரன். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரம், கோட்டைப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே இருக்கிற ஊர். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் டீ குடிக்க நிறுத்துவார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த வழியாக நடந்து போனவர்கள் இராமேசுவரம் யாத்திரிகர்கள். அவர்களிடம் போய் "சாப்பாடு என்ன விலை?" என்று நீங்கள் கேட்டிருந்தால் விழித்திருப்பார்கள். சாப்பாட்டுக்கு விலையே கிடையாது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் அந்தச் சேது வழி நெடுகச் சத்திரங்கள் கட்டியிருந்தார்கள். மணமேல்குடியிலும் மீமிசலிலும் சத்திரம் இருந்தது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802-இல் முக்தாம்பாள் பெயரால் எழுப்பிய சத்திரம் இவற்றுள் பெரிது.

1801-இல் சரபோஜி கம்பெனி ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களுக்கு விட்ட நிலங்களைக் கம்பெனி எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்ற கவலையில் எழுதியது. சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரிக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும் தரப்படும். நோயாளிக்கு வைத்தியர் உண்டு. இவ்வளவும் முடிந்த பிறகு, நள்ளிரவில் மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள்.

அந்த மணியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வருவோம்.

சத்திரத்தில் குறை இல்லாமல் இல்லை. எல்லாருக்கும் சோறு கிடைத்தது, ஆனால் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. பசி தீர்ந்தது, பேதம் தீரவில்லை. சாதி பார்க்காமல் எல்லாருக்கும் அன்னமிடுவதையே முதற்கடமையாக வைத்து வள்ளலார் வடலூரில் தருமசாலையைத் தொடங்கியது 1867-இல். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

இப்படி அன்னதானத்தைப் புண்ணியமாக நினைத்த ஊரில், சோற்றை விற்பது என்பதே ஒரு காலத்தில் கௌரவக் குறைவு. ரயில் வந்தது, நகரங்களில் கச்சேரி வேலையும் கல்லூரியும் வந்தன, ஊரைவிட்டு வந்து தனியாகத் தங்குகிறவர்கள் பெருகினார்கள். அவர்களுக்காகக் காபி கிளப்புகளும் சாப்பாட்டு ஓட்டல்களும் முளைத்தன. காசு கொடுத்தால் சோறு கிடைக்கும் என்றானது. ஆனால், காசு கொடுத்தாலும் எல்லாருக்கும் இருக்கை கிடைக்கவில்லை. இதுதான் நம் ஓட்டல் வரலாற்றில் நாம் சௌகரியமாக மறந்துவிட்ட பக்கம்.

பல ஓட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. தாழ்த்தப்பட்டவர்களை உள்ளேயே விடாத கடைகளும் இருந்தன. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம். பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் நெடுநாள் எதிர்த்த பிறகு, 1941-இல்தான் ரயில் நிலையங்களில் அந்தப் பிரிவினை ஒழிந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடை, உணவகம், ஓட்டல் ஆகியவற்றில் நுழைய மதம், சாதி முதலிய காரணங்களால் எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் ஓட்டலைப் பற்றி எழுத வேண்டி வந்தது என்றால், அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் 1957-இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடந்தது.

ஆகவே, "தகுமா?" என்று நாம் இன்று சாவகாசமாகக் கேட்கிறோமே, அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே ஓர் உரிமை வேண்டியிருந்தது. உள்ளே போக முடிந்தவர்தானே விலை அதிகமா குறைவா என்று பேச முடியும்?

கதவு திறந்த பிறகு, பேர்போன ஓட்டல்களின் காலம் வந்தது. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, சமையற்கட்டில் எடுபிடி வேலை பார்த்து முன்னேறிய கே. கிருஷ்ணராவ் 1938-இல் சென்னை ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். 1962-இல் கதீட்ரல் சாலையில் திறந்த டிரைவ்-இன் ஓட்டலை 2008-இல் மூடியபோது, ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசியவர்கள் எல்லாரும் வருந்தினார்கள். தோசைக்காக மட்டுமா வருந்தினார்கள்? மர நிழலில் யாரும் எழுப்பிவிடாத அந்த இருக்கைக்காகவும்தான். கொழும்பில் தொழில் பழகிய ஏ.எம். புகாரி 1951-இல் மவுண்ட் ரோட்டில் திறந்த ஓட்டலுக்குப் பெருநாளைக்கும் சம்பள நாளுக்கும் குடும்பத்தோடு போனவர்கள் நம்மில் உண்டு. வீட்டில் பிரியாணி செய்யத் தெரியாமலா போனார்கள்?

உலகத்தில் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முயன்றவர்களில் விசித்திரமானவர்கள் ஒரு டயர் கம்பெனிக்காரர்கள். பிரான்சின் மிஷ்லின் நிறுவனம் 1900-இல் கார் ஓட்டுகிறவர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. மக்கள் அதிகம் ஊர் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் விற்கும் என்பது கணக்கு. 1926-இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் போடத் தொடங்கினார்கள். பிறகு வந்த விளக்கப்படி, ஒரு நட்சத்திரம் என்றால் அதன் வகையில் நல்ல உணவகம். இரண்டு என்றால் வழியை விட்டு விலகிப் போகலாம். மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். கவனித்தீர்களா? அவர்கள் தகுதியை ரூபாயில் அளக்கவில்லை, தூரத்தில் அளந்தார்கள்.

விலைக்கும் நட்சத்திரத்துக்கும் முடிச்சு இல்லை என்பதற்கு, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பிழைக்கப் போகும் சிங்கப்பூரே சாட்சி. அங்கே 2016-இல் முதல் மிஷ்லின் பட்டியல் வந்தபோது, சைனாடவுன் உணவுக் கூடத்தில் சான் ஹோன் மெங் நடத்திய கோழிச்சோற்றுக் கடைக்கும் ஒரு நட்சத்திரம் கிடைத்தது. ஒரு தட்டு ஏறத்தாழ 2 வெள்ளி. பிளாஸ்டிக் நாற்காலி, நீண்ட வரிசை.

இதற்கு மறுகோடியில் நியூயார்க்கின் 'செம்ம' உணவகம். 2021-இல் திறந்தது, மறு ஆண்டே மிஷ்லின் நட்சத்திரம் பெற்றது. தலைமைச் சமையற்கலைஞர் விஜய் குமார் நம் தமிழ்நாட்டு நத்தம் பக்கத்துக்காரர். 2025-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்ட் விருதை வாங்கும்போது வேட்டி கட்டிக்கொண்டு போனார். அங்கே பெயர் வாங்கிய பதார்த்தங்களில் ஒன்று நத்தைப் பிரட்டல். சின்ன வயதில் வயலில் நத்தை பொறுக்கிச் சாப்பிடுவதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டதாகவும், சமையல் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் பிரெஞ்சுக்காரர்கள் அதே நத்தையைப் பெரிய விருந்தில் பரிமாறுவது தெரிந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். நத்தம் வயலில் நத்தைக்கு விலை இல்லை. மன்ஹாட்டனில் முன்பதிவு செய்து காத்திருந்து சாப்பிடுகிறார்கள். நடுவில் கூடியது என்ன? தூரமும் கைப்பக்குவமும் மட்டும்தானா? கூச்சப்பட்ட சாப்பாட்டுக்கு மேசையில் ஒரு மரியாதையான இடம் கிடைத்ததும்தான்.

சரி, நம் பில்லுக்கு வருவோம். ஓட்டல் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, மூலப்பொருளின் செலவு விலையில் மூன்றில் ஒரு பங்கு. மீதி, வாடகை, சம்பளம், மின்சாரம், உடைகிற கண்ணாடி, லாபம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் நட்சத்திர ஓட்டல் உணவகத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம். சாதாரண உணவகத்தில் 5 சதவீதம். தலைக்கு 2,500 என்பது 2,950 ஆகிவிடும், கமிட்டியார் குறித்துக்கொள்ளவும். சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்த்தால் நீங்கள் மறுக்கலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் உறுதி செய்தது.

எங்கள் ஊரிலிருந்து வடமேற்கே ஆவுடையார்கோயில் இருக்கிறது. அங்கே ஆத்மநாத சுவாமிக்குப் புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடப் படைப்பார்கள். எழும்புகிற ஆவிதான் நைவேத்தியம். நட்சத்திர ஓட்டல் பில்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். சோற்றுக்கு ஒரு பங்கு, ஆவிக்கு இரண்டு பங்கு கொடுக்கிறோமோ என்று கிண்டலாக நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கிண்டல் ஒருநாள் நின்றுபோனது. சில வருடங்களுக்கு முன்பு ஊரிலிருந்து வந்த என் அம்மாவை ஒரு பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். நண்டு வறுவல் சொன்னேன். விலையைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. கோட்டைப்பட்டினத்துக் கரையில் கூடை கூடையாக இறங்குகிற நண்டை வாங்கி, அம்மா அம்மியில் மசாலா அரைத்துப் பண்ணுகிற வறுவலுக்கு இது கால்தூசி பெறாது. திரும்பி வரும்போது, "என்னம்மா, கொடுத்த காசுக்குத் தகுமா?" என்று கேட்டேன். தகாது என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"நண்டு சுமார்தான்யா. ஆனா, நான் உட்கார்ந்து, இன்னொருத்தர் பரிமாறி, ஆவி பறக்கச் சாப்பிட்டு எத்தனை வருசமாச்சு!" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. நாங்கள் ஐந்து பேர் சூடாகச் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆறியதைச் சாப்பிட்டே அவள் காலம் போயிருக்கிறது. நான் கிண்டல் செய்த ஆவிக்குத்தான் அன்று அவள் விலை வைத்தாள்.

ஆகவே, என் விடை இது. சாப்பாட்டுக்காக என்றால் பெரும்பாலும் தகாது. அதே சுவையைக் குறைந்த விலையில் தருகிற கை நம் தெருவிலேயே இருக்கும். உட்கார இடமே கிடைக்காத ஒருவரை உட்கார வைப்பதற்காக என்றால் தகும். ஆனால், அப்படி உட்கார வைக்க நட்சத்திர ஓட்டல்தான் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. அதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஓட்டல் விருந்துக்கான பட்டியலைப் பார்த்தேன். வீட்டுக்கு நான்கு பேர் என்று கணக்கு. நம் காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் அதில் இல்லை. கூடத்தில் விருந்து என்றால், பந்தி முடிந்த பிறகு அவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதுதான் நம் வழக்கம். அதற்கும் மேலே, கூடத்து விருந்தில் பரிமாற நிற்பது நம் வீட்டுப் பெண்களே.

ஓட்டலோ கூடமோ, எதை முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். மூன்று மட்டும் கேட்கிறேன். அன்று நம் வீட்டுப் பெண்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். பணியாளர்களையும் தலைக்கணக்கில் சேர்த்து, பொட்டலம் இல்லாமல் நம்மோடு இருக்கை போடுவோம். எழுந்து கை கழுவுவதற்கு முன்பு, கமிட்டிச் செயலாளர் ஒருமுறை கேட்டுக்குப் போய், இன்னும் சாப்பிடாதவர் யார் என்று கேட்டு வரட்டும். மீமிசல் சத்திரத்து வழிப்போக்கர்களுக்கு அந்த மணி அடித்தது. நமக்கும் அடிக்கட்டுமே.

அடுத்த பொதுக்குழுவில் சந்திப்போம்.