சீட்டு எந்த ஊர்ச் சீட்டு?
சேர்வராயன் மலையிலிருந்து அங்கீகாரம் பற்றிச் சில குறிப்புகள்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள், காப்பித் தோட்டத்தைப் பார்க்கிறார்கள், இறங்கிவிடுகிறார்கள். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த கதையைச் சுற்றுலாக் கையேடே சொல்லிவிடும். அதே மலைக்கு மேலேறிய இன்னொரு சரக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கேம்பிரிட்ஜிலிருந்து கப்பலேறி வந்து, விடைத்தாளாகி, திருத்தப்படுவதற்காக மறுபடியும் இங்கிலாந்துக்கே போன கேள்வித்தாள்தான் அது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1858-இல் இங்கிலாந்தின் ஊர்ப்பள்ளிகளுக்காக ஆரம்பித்த தேர்வு, அடுத்த பத்தாண்டுக்குள் டிரினிடாட் வரை போய்விட்டது. பிறகு பேரரசு போன இடமெல்லாம் அதுவும் போனது. ஏற்காட்டில் 1894-இல் கன்னியர் நடத்திய புனித இருதயப் பள்ளி, 1917-இல் மாண்ட்ஃபோர்ட் பள்ளி என்று ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியக் கல்விக்கான இடங்கள் உருவாயின. மாண்ட்ஃபோர்ட் மாதிரியான மலைப்பள்ளிகளில் படிப்பின் உச்சம் சீனியர் கேம்பிரிட்ஜ். இந்தியப் பல்கலைக்கழகங்கள் அதை மெட்ரிகுலேஷனுக்குச் சமமாக ஏற்றுக்கொண்டன. "இது கடல் தாண்டி வந்த சீட்டாச்சே, சமானச் சான்று எங்கே?" என்று யாரும் மறிக்கவில்லை. ஆட்சி எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வரும் சீட்டு வெளிநாட்டுச் சீட்டாகத் தெரிவதில்லை.

சுதந்திரம் வந்தும் இந்த ஏற்பாடு உடனே அறுந்துபோகவில்லை. 1956 அக்டோபரில் ஆங்கிலோ-இந்தியக் கல்விக்கான மாநிலங்களிடை வாரியம் கூடி ஒரு இந்தியக் கவுன்சில் வேண்டுமென்று முடிவெடுத்தது. ஃப்ராங்க் ஆன்டனி தலைமையில் 1958 நவம்பரில் அது தொடங்கியும் வைக்கப்பட்டது. எதற்காக? கேம்பிரிட்ஜின் தேர்வை இந்தியாவில் நடத்திக் கொடுப்பதற்காக! சுதேசிமயமாதல் என்று நாம் பெருமையாகச் சொல்லுகிற விஷயங்கள் பல நேரம் இப்படி ஏஜெண்டு வேலையாகத்தான் ஆரம்பிக்கின்றன. பின்னாளில் அதே கவுன்சில் தன் பெயரில் ஐசிஎஸ்இ நடத்தியது. மாண்ட்ஃபோர்ட் இன்று எழுதுவிப்பது அதைத்தான்.

இப்போது எதிர்த்திசையில் போன சீட்டுகளைப் பார்ப்போம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டத்தைப் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஏற்றுக்கொண்டிருந்தது. 1920-களில் பிரசவப் பயிற்சி போதாது என்று புகார் கிளம்பியது. குறை இருந்தது உண்மை; அதை மழுப்ப வேண்டியதில்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்கள் குறைவு, மாணவர்கள் போதுமான பிரசவங்களைப் பார்க்கவில்லை. ஆனால் தகராறு சீக்கிரமே வேறு கேள்விக்கு நகர்ந்துவிட்டது: நம் கல்லூரிக்குள் வந்து சோதிக்கிற ஆய்வாளரை நியமிப்பது யார்? அந்த இடத்தில்தான் பேச்சு முறிந்தது. 1930-இல் லண்டன் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. நேற்றுவரை மருத்துவமாக இருந்த அதே படிப்பு, அங்கே பதிவு பெறத் தகுதியற்றதாக ஆகிவிட்டது.

இதற்குப் பதிலாக 1933-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது. தேசிய வரலாறு இதை ஒரு வெற்றியாக எழுதும். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு மட்டுமே இடம். மருத்துவப் பள்ளிகளில் படித்து எல்எம்பி வாங்கிய ஆயிரக்கணக்கானோர் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் எத்தனை பேர்? போர் குழு 1946-இல் தந்த கணக்குப்படி பதிவு பெற்ற 47,524 மருத்துவர்களில் பட்டதாரிகள் 17,654, எல்எம்பிக்காரர்கள் 29,870. பெரும்பான்மையே இவர்கள்தான். லண்டன் நம்மை மதிக்கவில்லை என்று கொதித்தவர்கள், லண்டன் மதிக்க வேண்டுமே என்பதற்காகத் தங்கள் சகாக்களையே பட்டியலுக்கு வெளியே தள்ளினார்கள். மேலே கைநீட்டுகிறவன் கீழே காலால் எத்துகிற இந்தப் பழக்கம் நமக்குப் புதுசா என்ன? சாதியில் ஊறிய சமூகத்துக்குப் படிநிலை கற்றுத்தர வெள்ளைக்காரன் தேவையில்லை.

1975-இல் பிரிட்டன் மறுபடியும் அங்கீகாரத்தை விலக்கித் தனித் தேர்வு வைத்தது. 2002 முதல் நாமும் வைக்கிறோம். ரஷ்யாவிலோ சீனாவிலோ படித்துத் திரும்பும் பிள்ளை இங்கே தகுதித் தேர்வு எழுதித் தேறினால்தான் டாக்டர். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளில் படித்து மேற்பட்டமும் பெற்றவருக்கு விலக்கு உண்டு. தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட வேலை. அந்த ஐந்து பெயர்களையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள், அதில் பாடத்திட்டத்தின் வாசனை அடிக்கிறதா, ஆங்கிலத்தின் வாசனை அடிக்கிறதா என்று.

2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் ஒன்றின் கல்வித் தகுதியை மற்றது ஏற்பதாகக் கையெழுத்துப் போட்டன. மேல்நிலைப் பள்ளிச் சான்றும் அதில் அடக்கம். ஆக, கேம்பிரிட்ஜிடம் சான்று வாங்கிய மலைக்கு, இப்போது இங்கிருந்து போகும் சான்றும் அங்கே செல்லும் என்று உறுதி கிடைத்திருக்கிறது. ஆனால் மருத்துவம், செவிலியம், சட்டம், பொறியியல், மருந்தியல், கட்டிடக்கலை எல்லாம் ஒப்பந்தத்துக்கு வெளியே. படிக்க வா, கட்டணம் கட்டு. தொழில் செய்வது வேறு பேச்சு.

எல்லை என்றதும் கடலை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காப்பிக்கும் கான்வென்டுக்கும் முன்பே சேர்வராயன் மலையில் இருந்தவர்கள் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை). இவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறக்கிற சீட்டு சாதிச் சான்றிதழ். 1976-இல் திருத்தப்பட்ட பட்டியல் மலையாளிகளை மாவட்டம் மாவட்டமாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது. சேலம் இருந்தது, தருமபுரி இருந்தது, வடஆர்க்காடு, தென்னார்க்காடு, புதுக்கோட்டை, திருச்சி இருந்தன. கோயம்புத்தூர் இல்லை. அதிலிருந்து பிரிந்த ஈரோடு மாவட்டத்தில், பர்கூர் மலையில் வாழ்கிற மலையாளி அதனால் பழங்குடி ஆகவில்லை. அதே பெயர், அதே உறவுமுறை. ஏற்காட்டுச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சான்று உண்டு, பர்கூர்ப் பிள்ளைக்குக் கிடையாது. இதைச் சரிசெய்யச் சொல்லி அவர்கள் பல பத்தாண்டுகளாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.